பழைய பிரிட்டிஷ் வண்டியின் முன் ஃபோர்க் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்ட்டன், ட்ரையம்ப், பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஒன்றாக நின்றால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முன் வீலைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் வந்து நிற்கும். "வளைவில் ஹேண்டில் ஒரு பக்கம், வீல் ஒரு பக்கம் போகுது" என்பதுதான் பொதுவான புகார். அதையொட்டித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். நார்ட்டன் கமாண்டோவின் 'ரோட்ஹோல்டர்' ஃபோர்க்கை மனதில் வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற வண்டிகள் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

பட்டறைப் பேச்சிலேயே எழுதுகிறேன். மேலே நிற்கும் உருக்குக் குழாய் 'பைப்'. அதன் மேல் வழுக்கி ஏறி இறங்கும் கீழ்ப்பகுதி 'பாட்டம் கேஸ்'. பைப்பும் கேஸும் சேர்ந்தது ஒரு 'கால்'. இரண்டு பைப்பையும் பிடித்திருக்கும் தகடுகள் மேல் டீ, கீழ் டீ.

ஃபோர்க் விறைப்பா இருக்கணும்னா டைட்டான ஸ்பிரிங் போட்டா போதாதா?

போதாது. ஸ்பிரிங் மேலும் கீழும் போகும் அசைவை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். நாம் பேசும் விறைப்பு, ஃபோர்க் வேறு திசைகளில் வளையாமல் நிற்பது. பிரேக் பிடித்தால் இரண்டு காலும் பின்னால் வளையப் பார்க்கும். வளைவில் ஒரு கால் சற்று மேலும் மற்றது சற்றுக் கீழும் போகப் பார்க்கும். ஹேண்டிலைத் திருப்பும்போது வீல் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும், அதாவது ஃபோர்க் முறுக்கிக்கொள்ளும். இந்த மூன்றில் எதையும் ஸ்பிரிங் தொடாது.

சொல்லப்போனால் தேவைக்கு மேல் கெட்டியான ஸ்பிரிங் நிலைமையைக் கெடுக்கும். ஃபோர்க் எப்போதும் முழுதாக நீண்டே நிற்கும். அந்த நிலையில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். காரணம் கீழே புஷ், அதாவது பைப்புக்கும் கேஸுக்கும் நடுவில் வழுக்கும் வளையம், பற்றிய பதிலில் வருகிறது.

அந்தக் காலத்துல ரேஸே ஜெயிச்ச ஃபோர்க்தானே சார் இது? இப்ப மட்டும் ஏன் பத்தலை?

உண்மைதான். 1950-இல் நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃபிரேம் வந்தபோது அதன் முன்னால் நின்றது ரோட்ஹோல்டர்தான். அன்றைக்கு அதைவிட நல்ல ஃபோர்க்கைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஆனால் அது டிரம் பிரேக்குக்கும் குறுகலான, கடினமான டயருக்கும் அமைந்த ஃபோர்க். 1967-இல் அறிமுகமான கமாண்டோவுக்கும் அதே குடும்பத்து ஃபோர்க்தான். 1972 வாக்கில் டிஸ்க் பிரேக் வந்தபோதும் பைப்பின் பருமன் ஏறக்குறைய 35 மி.மீ. அளவிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு அதே பைப்பில் சாலையைக் கவ்விப் பிடிக்கும் புது டயரையும், கூடுதலாகப் பிடிக்கும் பிரேக் காலிப்பரையும் மாட்டி ஓட்டுகிறோம்.

இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, ஐம்பது வருஷத் தேய்மானம். நிறைய பேர் வடிவமைப்பைக் குறை சொல்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் புஷ் முட்டை வடிவத்தில் இருக்கும்.

பிரச்சினை ஃபோர்க்லதான்னு எப்படி உறுதி பண்றது?

என்ஜினுக்கு அடியில் பெட்டி வைத்து முன் வீலைத் தரையிலிருந்து தூக்குங்கள். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு பாட்டம் கேஸையும் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். 'டொக்' என்று தட்டும். அது எங்கே தட்டுகிறது என்பதுதான் விஷயம். கூட ஒருவரை நிறுத்தி, ஆயில் சீல் இருக்கும் இடத்தில் பைப்பும் கேஸும் சேரும் விளிம்பில் விரலை வைக்கச் சொல்லுங்கள். அங்கே அசைந்தால் புஷ். அதே விரலைக் கீழ் டீக்கும் ஃபிரேம் கழுத்துக்கும் நடுவில் வைத்தால் அங்கே அசைகிறதா என்று தெரியும். அசைந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங். இரண்டும் சேர்ந்தே ஆடும் வண்டிகளும் உண்டு.

அப்புறம் வீலின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். வீல் பேரிங் தேய்ந்திருந்தாலும், ஸ்போக் தளர்ந்திருந்தாலும் ஓட்டும்போது ஃபோர்க் முறுக்குவது போலவேதான் தோன்றும். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சுண்டினால் தளர்ந்தது 'தொப்' என்று மந்தமாகச் சத்தம் கொடுத்துவிடும்.

கமாண்டோ நூறைத் தாண்டினா வண்டி மொத்தமா நெளியுது. ஃபோர்க் மாத்திடலாமா?

அவசரப்படாதீர்கள். வண்டி முழுவதுமாக மெதுவாக நெளிவதும், ஹேண்டில் மட்டும் படபடவென்று அடிப்பதும் வேறு வேறு நோய்கள். நெளிவுக்குப் பெரும்பாலும் காரணம் பின்பக்கம் இருக்கும். கமாண்டோவில் என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஸ்விங் ஆர்ம் மூன்றும் ஒரே கட்டாக ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கின்றன. 'ஐசோலாஸ்டிக்' என்பது அதன் பெயர். அந்தத் தாங்கிகளின் பக்கவாட்டு இடைவெளி 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. கூடிவிட்டால் பின் வீல் தன் இஷ்டத்துக்கு நடக்கும்.

1975-இல் வந்த மார்க் 3-க்கு முந்தைய வண்டிகளில் இதை ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்துத்தான் சரிசெய்ய முடியும். சலிப்பான வேலை, அதனாலேயே பலரும் தள்ளிப்போடுகிறார்கள். அதையும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் டயரையும் பார்த்து முடிக்காமல் முன்பக்கம் காசு போடாதீர்கள்.

கோன் செட்டை நல்லா இறுக்கி வைச்சா விறைப்பு கிடைக்குமா?

கிடைக்காது. பேரிங் பந்துகள் தாம் உருளும் வளையத்தில் பள்ளம் பறிக்கும். ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒரு குழியில் விழுந்தது போல நிற்கும். ஆட்டம் துளியும் இல்லாமல், அதே நேரம் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழும் அளவுக்கு இருப்பதுதான் சரி.

1971 முதல் கமாண்டோவில் மூடிய பால் பேரிங் இருப்பதால் அங்கே இறுக்கிச் சரிசெய்ய எதுவும் இல்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். உதிரிப் பந்து போட்ட பழைய வண்டிகளுக்கு டேப்பர் ரோலர் பேரிங் மாற்றுவது நல்ல செலவு என்பேன்.

பைப் நேரா இருக்கான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். தடித்த கண்ணாடி ஒன்று போதும். பைப்பைக் கழற்றித் துடைத்து, சமமான கண்ணாடி மேல் மெதுவாக உருட்டுங்கள். அடியில் வெளிச்சக் கீற்று வந்து வந்து போனால் பைப் வளைந்திருக்கிறது. பெரும்பாலும் கீழ் டீக்குச் சற்றுக் கீழேதான் வளைந்திருக்கும். எங்கேயாவது மோதினால் சுமை குவிவது அங்கேதான்.

ஆனால் பைப் இரண்டும் நேராக இருந்தாலும் டீ முறுகியிருக்கலாம். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. இரண்டு பைப்பையும் டீக்களில் மாட்டி இறுக்குங்கள். இப்போது ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பைப்புக்கும் குறுக்காக, ஒட்டினாற்போல் வைத்து நாலு மூலையிலும் விரலால் அழுத்துங்கள். கண்ணாடி எந்த மூலையிலும் ஆடாமல் படிந்து நின்றால் இரண்டு பைப்பும் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஒரு மூலை 'டிக்' என்று தட்டினால் இல்லை. அப்புறம் வெர்னியர் காலிப்பரால் மேலேயும் கீழேயும் பைப்புகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். டீ முறுகிய வண்டியில் எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் அது இழுவையில்தான் உட்காரும்.

கழற்றியிருக்கும்போதே கீழ் டீ பிடிக்கும் இடத்தில் பைப்பைத் தடவிப் பாருங்கள். வருஷக்கணக்காகத் தளர்வாகக் கிடந்திருந்தால் அங்கே பைப்போ டீயோ தேய்ந்திருக்கும். கோலா டின்னை வெட்டிச் சுற்றி இறுக்கிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சாமர்த்தியம்தான், ஆனால் உங்கள் வண்டியில் வேண்டாம்.

வளைஞ்ச பைப்பை நிமிர்த்திக்கலாமா, புதுசுதான் வாங்கணுமா?

லேசான வளைவு என்றால், அனுபவமுள்ள பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்திருந்தாலோ, மேற்பரப்பில் சுருக்கம் தெரிந்தாலோ, விரிசல் சந்தேகம் இருந்தாலோ பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

புஷ் மாத்தினா அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

தெரியும். செலவழித்த காசுக்கு அதிக பலன் இங்கேதான். ரோட்ஹோல்டரில் ஒவ்வொரு காலிலும் இரண்டு புஷ். ஒன்று பைப்பின் அடி நுனியில், இன்னொன்று பாட்டம் கேஸின் வாயில். இந்த இரண்டும்தான் கேஸை நேராகப் பிடித்திருக்கின்றன. ஒரு கணக்குக்கு, இரண்டு புஷ்ஷிலும் தலா 0.2 மி.மீ. ஆட்டம், இரண்டுக்கும் நடுவில் 150 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் புஷ்ஷிலிருந்து 350 மி.மீ. கீழே இருக்கும் ஆக்ஸிலில் அது கிட்டத்தட்ட 0.7 மி.மீ. அசைவாக வந்து நிற்கும். ஃபோர்க் நீண்டு, புஷ்களின் நடுத்தூரம் 100 மி.மீ. ஆகக் குறைந்தால் அதே ஆட்டம் 1.2 மி.மீ. ஆகிவிடும். கெட்டியான ஸ்பிரிங் போட்டு ஃபோர்க்கை நீட்டியே வைக்காதீர்கள் என்று முதல் பதிலில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

கடையில் கிடைக்கும் புஷ் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. வாங்கும் முன் மைக்ரோமீட்டரால் அளந்துவிடுங்கள். லேத்தில் கடைந்து போடுவதானால் வெண்கலத்தில் 0.05 முதல் 0.1 மி.மீ. இடைவெளி விட்டுக் கடையச் சொல்லுங்கள். 'இன்னும் டைட்டா இருந்தா இன்னும் நல்லது' என்று நினைத்துவிடாதீர்கள். இறுக்கிப் பிடிக்கும் புஷ் சின்ன மேடு பள்ளத்தில் ஃபோர்க்கை அசையவே விடாது. பைப்பே தேய்ந்திருந்தால் புது புஷ் வீண். முதலில் பைப்பைக் கடின குரோம் பூசி, அளவுக்குக் கிரைண்ட் செய்து வாங்க வேண்டும். அலங்காரக் குரோம் வேலைக்கு உதவாது.

1971 முதல் வந்த ட்ரையம்ப், பிஎஸ்ஏ ஃபோர்க்குகளில் தனி புஷ் கிடையாது. பைப் நேராக அலுமினியக் கேஸிலேயே வழுக்கும். கேஸ் தேய்ந்தால் அதைப் போர் செய்து புஷ் பொருத்தித் தரும் பட்டறையைத் தேட வேண்டும், இல்லையென்றால் கேஸையே மாற்ற வேண்டும்.

ஆக்ஸிலை இறுக்குறதுல என்ன பெரிய வித்தை இருக்கு?

வித்தை இல்லை, வரிசைதான் முக்கியம். கமாண்டோவில் ஒரு பக்கம் நட், மறுபக்கம் பாட்டம் கேஸில் பின்ச் போல்ட். பின்ச் போல்ட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு முதலில் நட்டை இறுக்குங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். தளர்ந்த பக்கத்துக் கேஸ் தனக்கு இயல்பான இடத்தில் வந்து நிற்கும். அப்புறம் பின்ச் போல்ட். வரிசையை மாற்றினால் இரண்டு காலும் உள்பக்கமோ வெளிப்பக்கமோ இழுபட்டு நிற்கும். புஷ் ஒரு பக்கமாகத் தேயும், ஃபோர்க்கும் சிக்கிச் சிக்கி நகரும்.

கேஸின் அடியில் இரண்டு பக்கமும் மூடி வைத்து ஆக்ஸிலைப் பிடிக்கும் வண்டிகளில் ஒரு பக்க மூடியை முழுதாக இறுக்கி, அமுக்கிவிட்டு, மறு பக்கத்தை இறுக்க வேண்டும். ஆக்ஸில் சரியாக இறுகியிருந்தால் அது இரண்டு காலையும் கட்டும் ஒரு குறுக்குச் சட்டமாகவே வேலை செய்யும். பைசா செலவில்லாத விறைப்பு.

ஃபோர்க் பிரேஸ் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

பிரேஸ் என்பது இரண்டு பாட்டம் கேஸின் மேல் நுனியையும் இணைக்கும் தடித்த அலுமினியப் பாலம். ஒரு கால் மேலும் மறு கால் கீழும் போவதை அது நன்றாகத் தடுக்கும், முறுக்கையும் குறைக்கும். பிரேக் பிடிக்கும்போது பைப் பின்னால் வளைவதை அது தடுக்காது. அந்த வளைவு நடப்பது பிரேஸுக்கு மேலே, கீழ் டீக்குப் பக்கத்தில்.

வாங்கும்போது கனத்தைப் பாருங்கள். பளபளவென்று மெல்லிய தகட்டில் வரும் பிரேஸ் வெறும் நகைதான். பொருத்தும்போது அதைவிடக் கவனம் வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வீலையும் ஆக்ஸிலையும் மேலே சொன்ன வரிசைப்படி இறுக்குங்கள். அப்புறம் பிரேஸை வையுங்கள். துளையும் போல்ட்டும் தானாகவே நேருக்கு நேர் வர வேண்டும். இடைவெளி இருந்தால் ஷிம் வைத்து நிரப்புங்கள், துளை ஒதுங்கியிருந்தால் ராவி நீட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி மாட்டவே கூடாது. மாட்டிய பிறகு வீலைக் கையால் தூக்கி இறக்கிப் பாருங்கள். முழு தூரமும் ஒரே சீராகப் போக வேண்டும்.

மட்கார்டைக் கழட்டிட்டேன் அண்ணா, கஃபே ரேசர் லுக்குக்காக. அதனால ஏதாவது?

கழற்றியது பிரேஸையும் சேர்த்துத்தான். பழைய வண்டிகளில் மட்கார்டைத் தாங்கும் அந்த இரும்புப் பாலம்தான் இரண்டு கேஸையும் இணைத்துவைத்திருந்தது. 1971 ட்ரையம்பில் அந்த இடத்தில் மெல்லிய கம்பி வந்தது, அழகாகவும் இல்லை, பிடிப்பும் குறைவு. மட்கார்டு வேண்டாம் என்றால் நல்ல பிரேஸ் ஒன்று போடுங்கள். மழையில் முகத்தில் அடிக்கும் சேற்றுக்கு என்னிடம் மருந்து இல்லை.

பிரேஸ் போட்டதிலிருந்து ஃபோர்க் கட்டை மாதிரி ஆயிடுச்சு. ஏன்?

பிரேஸ் உங்கள் ஃபோர்க்கின் கோணலைப் பிடித்துக் காட்டுகிறது. இதுவரை இரண்டு காலும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து நகர்ந்தன. இப்போது கட்டிப்போட்டதும் முரண்டு பிடிக்கின்றன. பிரேஸ் போல்ட்டுகளைத் தளர்த்தி அமுக்கிப் பாருங்கள். உடனே லேசாகிவிட்டால் பிரேஸ் பொருத்தியதில் கோளாறு. தளர்த்தியும் மாறவில்லை என்றால் ஆக்ஸில் வரிசை, அதற்கடுத்து கண்ணாடிச் சோதனை. பைப்பில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி ஓட்டிப் பார்த்தால் ஃபோர்க் எவ்வளவு தூரம் போய் வருகிறது என்று தெரியும்.

கெட்டி ஆயில் ஊத்தினேன், கொஞ்சம் விறைப்பா தெரியுதே?

அது விறைப்பு இல்லை, தாமதம். ஆயில் ஏறி இறங்கும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துகிறது. வரிசையாகப் பள்ளம் வந்தால் ஃபோர்க் திரும்ப நீளவே நேரமில்லாமல் திணறும். ரோட்ஹோல்டர் முழுதாக நீளும்போது 'டங்' என்று தட்டுவதை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதற்கு உள்ளே இருக்கும் டேம்பரை, அதாவது அசைவின் வேகத்தை அடக்கும் பாகத்தை, சரிசெய்வதுதான் வழி.

ஹை டென்சில் ஸ்டீல்ல பைப் கடைஞ்சு போட்டா வளையாதுல்ல?

நிரந்தரமாக வளைந்து போவது குறையும். ஓடும்போது நெளிந்து திரும்புவது துளியும் குறையாது. சாதா எஃகோ, விலை உயர்ந்த எஃகோ, ஒரே சுமைக்கு நெளியும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். விலை உயர்ந்த எஃகு, எவ்வளவு சுமை வரை பழைய நிலைக்குத் திரும்பும் என்பதில்தான் வேறுபடுகிறது. அலுமினியம் அதே அளவில் மூன்று மடங்கு நெளியும்.

நெளிவைக் குறைக்க வேண்டுமானால் விட்டத்தைக் கூட்ட வேண்டும். சுவர்த் தடிமன் மாறாமல் 35 மி.மீ. குழாய் 41 ஆனால் விறைப்பு ஏறக்குறைய 1.7 மடங்கு ஆகிறது. சுவரைத் தடிமனாக்கினாலும் கூடும், ஆனால் உள்பக்கம் சேரும் இரும்பு எடைக்கு ஏற்ற வேலை செய்யாது.

அப்போ பைப்பை டீக்குள்ள ஒரு அங்குலம் மேல தூக்கிட்டா? வெளிய நிக்கிற நீளம் குறையுமே?

யோசனை சரிதான், ஆனால் இந்த வண்டிகளில் நடக்காது. நார்ட்டனிலும் 1971-க்கு முந்தைய ட்ரையம்பிலும் பைப்பின் மேல் நுனி கூம்பாகச் செதுக்கப்பட்டு, மேல் டீயில் அதற்கான கூம்புத் துளையில் உட்காருகிறது. மேலே இருக்கும் பெரிய நட் அதை இழுத்துப் பிடிக்கிறது. உயரத்தை மாற்ற இடமே இல்லை. இந்தக் கூம்பு இறுகுவதும் விறைப்பில் சேர்த்திதான். அதனால் மேல் நட்டை இறுக்கி முடித்த பிறகே கீழ் டீ போல்ட்டை இறுக்குங்கள். தலைகீழாகச் செய்தால் கூம்பு சரியாக உட்காராது.

பேசாம புது வண்டி ஃபோர்க்கை மாட்டிட்டா என்ன?

மாட்டலாம், மாட்டியவர்களும் உண்டு. ஆனால் புது ஃபோர்க் பெரும்பாலும் நீளம் குறைவு. முன்பக்கம் தாழ்ந்தால் ஸ்டியரிங் துறுதுறுவென்று ஆகும். டீயின் ஒதுக்கம், அதாவது ஸ்டியரிங் அச்சிலிருந்து பைப்புகள் முன்னால் தள்ளி நிற்கும் தூரம், குறைவாக இருந்தால் நேர்மாறாகக் கனமாகும். இரண்டையும் அளக்காமல் மாட்டுவது சூதாட்டம். விறைப்பான ஃபோர்க் தான் வளையாத சுமையை ஃபிரேம் கழுத்துக்கு அனுப்பிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பார்வைக்கு அசலாக இருக்க வேண்டும் என்றால் இந்த வழி வேண்டாம்.

என்கிட்ட இருக்கிறது பழைய புல்லட். இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

புல்லட்டும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த பிரிட்டிஷ் வண்டிதான், 1955 முதல் சென்னையில் வளர்ந்தது. சோதனை, ஆக்ஸில் வரிசை, பிரேஸ் எல்லாம் பொருந்தும். வித்தியாசம் மேல் டீயில். பழைய புல்லட்டில் ஹெட்லைட் கூடும் மேல் டீயும் ஒரே வார்ப்பு, 'காஸ்க்வெட்' என்பார்கள். பைப்பின் மேல் நுனி அதில் மரை போட்டு ஏறுகிறது. அந்த மரை தளர்ந்திருந்தால் மற்ற எதை மாற்றியும் பயனில்லை. 2021-இல் வந்த புது கிளாசிக் 350-இல் பைப் 41 மி.மீ. அதை ஓட்டிவிட்டுப் பழைய வண்டியில் ஏறினால் வித்தியாசம் கையில் தெரியும். அதற்குப் பழைய வண்டி பழுது என்று அர்த்தமில்லை.

பிரேக் பிடிச்சா ஒரு பக்கமா இழுக்குது. இன்னொரு டிஸ்க் போட்டா சமமாகுமா?

ஒற்றை டிஸ்க்கில் பிரேக்கின் முறுக்கு விசை காலிப்பர் இருக்கும் காலில் மட்டும்தான் விழுகிறது. மற்றக் கால் ஆக்ஸில் வழியாகவும் பிரேஸ் வழியாகவும்தான் அந்தச் சுமையில் பங்கு வாங்குகிறது. எனவே இழுக்கிறது என்றால் அந்த இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படுங்கள். வீல் நடுவில் நிற்கிறதா, பைப் வளைவா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது டிஸ்க் சுமையைச் சமமாகப் பிரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது வீலோடு ஏறி இறங்கும் எடையைக் கூட்டுகிறது, மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பிரேக் பலமாகப் பலமாக, இதே 35 மி.மீ. பைப் இன்னும் அதிகமாகப் பின்னால் வளையும். சாலையில் ஓட்டும் கமாண்டோவுக்கு, நல்ல புஷ்ஷும் நேரான டீயும் கனமான பிரேஸும் இருந்தால் ஒற்றை டிஸ்க்கே தாராளம்.